ஸ்லிப்பில் இல்லாத பெயர்

கிளினிக்கிலிருந்து எங்கள் லேபுக்கு வரும் ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு ஸ்லிப் இருக்கும். நோயாளியின் பெயர், வயது, டாக்டரின் பெயர், பல்லின் எண், நிறம், எப்போது வேண்டும் என்கிற தேதி. ‘46, ஏ3, சிர்கோனியா, வெள்ளிக்கிழமை’ என்று எழுதியிருந்தால், கீழ்த்தாடையில் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல்லுக்கு, கொஞ்சம் மஞ்சள் பழுப்பு ஓடிய நிறத்தில், ஒரு உறை செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதைச் செய்யப்போகிறவரின் பெயரை எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. நான் பார்த்த எந்த லேபின் ஸ்லிப்பிலும் கிடையாது.

நான் செராமிஸ்ட். வேலை நவி மும்பையின் கோபர்கைரனேயில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர், அப்புறம் வாடகை கட்டுப்படியாகாமல் கடலின் கழிமுகத்தைத் தாண்டி நவி மும்பை. தானே–வாஷி ரயில் வந்த பிறகு இந்தப் பக்கம் ஆட்கள் பெருகினார்கள். கூடவே பல் கிளினிக்குகள் பெருகின. அவற்றுக்குப் பின்னால் நாங்கள். தீன் டாக்கி பக்கம் ரோ ஹவுஸ் தெருக்களில் நடந்தால், கீழ்த்தளத்தில் ஷட்டர் பாதி இறக்கிய ஒரு அறைக்குள்ளிருந்து மைக்ரோமோட்டர் சத்தம் கேட்கும். பெயர்ப்பலகை பெரும்பாலும் இருக்காது. எங்களிடம் வருவது டெலிவரி பையன் மட்டும்தான், அவனுக்கு வழி தெரியும்.

பல் கட்டிக்கொண்டவர்களில் பலருக்கு அதை டாக்டரே செய்தார் என்றுதான் நினைப்பு. டாக்டர் பல்லை ராவி, அளவு எடுத்து அனுப்புகிறார். அந்த அளவில் ஸ்டோன் ஊற்றி மாடல் எடுப்பது, மெழுகில் வடிவம் செதுக்குவது, அதை உலோகமாக வார்ப்பது, அதன்மேல் போர்சலின் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் படிப்படியாக ஏற்றி, வெற்றிடச் சூளையில் 900 டிகிரி சுற்றி வேகவைப்பது எல்லாம் லேபில் நடக்கிறது. சிர்கோனியா என்றால் வழி வேறு. கம்ப்யூட்டரில் வரைந்து, மில்லிங் மிஷினில் சுண்ணாம்புக் கட்டி போலிருக்கும் வில்லையிலிருந்து வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கடைந்தெடுத்து, 1,500 டிகிரி பக்கம் சூடேற்றுவோம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கி, சரியான அளவுக்கு வந்து நிற்கும். நிறம் பார்க்கும் ஷேட் கைடில் 16 பற்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் மனிதர் பல் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. கழுத்தில் ஒன்று, நுனியில் ஒன்று. அந்த வித்தியாசத்தைக் கொண்டுவருவதுதான் என் வேலை. உறையின் விளிம்பான மார்ஜின் ஒரு முடியளவு விலகினாலும் அதற்குள் உணவு போய், உள்ளே இருக்கும் சொந்தப் பல் சொத்தையாகும். அப்போது யாரைக் கேட்பது?

என் அக்கா மகள் போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். “சித்தி, நானும் உங்க லைனுக்கே வர்றேன். ஆறு மாச கோர்ஸ் ஒண்ணு இருக்காம், முடிச்சதும் சர்டிஃபிகேட் கையில குடுத்துருவாங்களாம்” என்றாள். “ஏட்டி, சர்டிஃபிகேட் யாரு வேணாலும் குடுப்பான். அத வச்சு கவுன்சில்ல பேர் ஏறுமான்னு கேட்டியா?” என்றேன். எந்தக் கவுன்சில் என்று விழித்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். லேபில் இருபது வருஷம் உட்கார்ந்திருப்பவர்களிலேயே பாதிப்பேர் அவள் மாதிரிதான் விழிப்பார்கள்.

இந்தியாவில் பல் மருத்துவர் சட்டம் வந்தது 1948இல். அடுத்த ஆண்டு இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. அந்தச் சட்டம் மாநிலத்துக்கு மூன்று பதிவேடுகள் வைக்கச் சொல்கிறது: பல் மருத்துவர்களுக்கு ஒன்று, பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டுகளுக்கு ஒன்று, டென்டல் மெக்கானிக்குகளுக்கு ஒன்று. இன்று டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் சட்டத்தின் கண்ணில் டென்டல் மெக்கானிக். பல் செட்டும் பல் சாதனங்களும் செய்கிறவர், பழுது பார்க்கிறவர் என்று ஒரே வரியில் எங்களை வரையறுத்துவிட்டார்கள். மாநில அரசு குறிக்கும் ஒரு நாளுக்குப் பிறகு, பதிவு இல்லாதவர் இந்த வேலையைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதாவது, எங்களுக்கான பதிவேடு நேற்று முளைத்ததல்ல. சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே எழுதிவைத்துவிட்டார்கள்.

அப்போது பல் கட்டுவது பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த கைத்தொழில். நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ஆர். அகமது கல்கத்தாவில் தொடங்கியதே 1920இல்தான். கல்கத்தாவிலும் பம்பாயிலும் தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டிய சீனக் குடும்பங்கள் இருந்தன. பட்டம் இல்லாத இத்தகையவர்களை ஒரே நாளில் தெருவில் விட முடியாது. அதனால் மருத்துவர் பதிவேட்டையே இரண்டாகப் பிரித்து, பட்டம் பெற்றவர்களுக்கு ‘ஏ’ பகுதியும், குறைந்தது ஐந்தாண்டு இதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களுக்கு ‘பி’ பகுதியும் வைத்தார்கள். பிற்பாடு பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் திரும்பி வந்தவர்களுக்கும் ஒரு வழி செய்தார்கள். பர்மா பஜார் வைத்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் வந்த கப்பல்களில் பல் கட்டுகிறவர்களும் வந்திருக்கக்கூடும் என்று சட்டம் எழுதியவர் யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார். எனக்குப் பிடித்த திருத்தம் அது.

மெக்கானிக்குகளின் முதல் பதிவேட்டிலும் அனுபவத்தை வைத்துப் பெயர் ஏறலாம் என்று இருந்தது. அந்தக் கதவு மூடி எத்தனையோ காலமாகிறது. இன்று வழி ஒன்றுதான்: கவுன்சில் அங்கீகரித்த இரண்டாண்டுப் படிப்பு. எங்கள் பெரிய மேஸ்திரி மாதிரி ஆட்கள், கண்ணை மூடிக்கொண்டு மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குவார்கள். ஆனாலும் அனுபவத்தைக் காட்டி இப்போது பதிவு வாங்க முடியாது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கே முழுச் சம்மதம் இல்லை. முப்பது வருஷக் கைக்கு ஒரு தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ள வழி செய்திருக்கலாம்.

கோபர்கைரனேயில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இங்கே மாத்தாடித் தொழிலாளர் குடியிருப்புகள் அதிகம். ஏ.பி.எம்.சி. மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர்கள். அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டிய அந்தத் தொழிலாளர்களுக்காக மகாராஷ்டிரா 1969இலேயே தனிச் சட்டம் போட்டது. சுமக்கிறவரும் பதிவு செய்ய வேண்டும், சுமக்கச் சொல்கிற வியாபாரியும் பதிவு செய்ய வேண்டும். கூலி, அதற்கென அமைத்த வாரியம் வழியாக வரும். சேமநல நிதி, போனஸ், விடுப்புச் சம்பளம் எல்லாம் அந்தப் பதிவிலிருந்து கிளைத்தவை. மூட்டை தூக்குகிற அண்ணனுக்கு ஒரு புத்தகத்தில் பெயர் இருக்கிறது. அவர் வீட்டுக்கு எதிர் ஷட்டருக்குள் உட்கார்ந்து, இன்னொரு மனிதரின் வாய்க்குள் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கப்போகிற பொருளைச் செய்கிற பையனின் பெயர் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சரி, புதிதாக வருகிறவர் என்ன செய்ய வேண்டும்?

இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளின் இணையத் தளங்களைப் பார்த்துவிட்டுச் சிலர் ‘மாணவராகப் பதிவு செய்வது எப்படி’ என்று கேட்கிறார்கள். நமது சட்டத்தில் மாணவருக்குத் தனிப் பதிவேடு கிடையாது. அதனாலேயே ஆபத்து அதிகம். படிக்கும் காலத்தில் யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். முடித்துவிட்டு விண்ணப்பத்தோடு போகும்போதுதான் ‘இந்தக் கல்லூரி பட்டியலில் இல்லையே’ என்பார்கள். எங்கள் லேபுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அதுதான் நடந்தது. அம்மாவின் வளையலை வைத்துக் கட்டிய ஃபீஸ். சான்றிதழில் தங்க நிற முத்திரை, அரசாங்க முத்திரையைவிட அழகாக இருந்தது. பதிவு மட்டும் ஆகவில்லை. வேலை கிடைத்தது, பதிவில்லாத மற்றவர்களோடு சேர்த்துத்தான் கிடைத்தது.

ஆகவே பதிவு என்பது ரிசல்ட் வந்த பிறகு செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். ஃபீஸ் கட்டும் முன் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. படிப்பின் பெயர் என்ன? ‘டென்டல் மெக்கானிக்’ அல்லது ‘டென்டல் டெக்னீஷியன்’ என்று கவுன்சிலின் விதிமுறைப்படி இருக்கிறதா, அல்லது ‘டென்டல் லேப் அசிஸ்டென்ட்’, ‘கேட் டிசைன் டிப்ளமா’ என்று வேறு ஏதாவதா? காலம் இரண்டு ஆண்டா? அங்கீகாரக் கடிதம் எங்கே, அது இந்த ஆண்டுக்குச் செல்லுமா? மூன்றாவதுக்குப் பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். மும்பையில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் முதலில் விசாரியுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. வாஷி போய் ஹார்பர் லைன் பிடித்தால் கடைசி ஸ்டேஷன், தூங்கிக்கொண்டே போகலாம். ஊரில் படிக்க நினைப்பவர்களுக்கு, 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரியில் இடங்கள் குறைவு, உண்மை. ஆனால் விசாரிக்கப் போவதற்குக் காசில்லை. அங்கே பேசிவிட்டு வந்தால் தனியார் கவுண்டரில் என்ன கேட்பது என்று தெரிந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்திருக்க வேண்டும். படிப்பில் பல்லின் உடற்கூறு, பொருள்களின் இயல்பு, உலோகவியல், பல் செட், கிரவுன், செராமிக், ஆர்த்தோ சாதனங்கள் எல்லாம் உண்டு. இந்தப் பாடங்களை லேபில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ‘இந்த ஸ்டோனுக்கு இவ்வளவு தண்ணீர்’ என்று சொல்வார்கள். கூடினால் ஏன் மாடல் பொடிந்துபோகிறது என்று சொல்ல அவர்களுக்கும் தெரியாது, நேரமும் கிடையாது.

படித்து முடித்ததும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே என்றால் மகாராஷ்டிரா கவுன்சில். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், பள்ளியை விடும்போது தரும் எல்.சி., படிப்பின் மதிப்பெண் பட்டியல்களும் தேர்ச்சிச் சான்றிதழும், ஆதார், முகவரிச் சான்று, போட்டோ, கட்டணம். கேட்கச் சுலபமாக இருக்கும். மும்பைத் தமிழர்களுக்கு இதில் ஒரு தனிப் பள்ளம் காத்திருக்கிறது: பெயர்.

நமக்கு இனிஷியலும் பெயரும். மகாராஷ்டிராவில் எந்தப் படிவமானாலும் சர்நேம், பெயர், அப்பா பெயர் என்று மூன்று கட்டம். ஒரு பெண்ணின் பெயர் பி. இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பேச்சிமுத்து. தாராவி முனிசிபல் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் சர்நேம் என்ன என்று கேட்டிருப்பார். அப்பா முழித்திருப்பார். யாரோ பக்கத்திலிருந்து சாதிப் பெயரைச் சொல்ல, அதுவே எல்.சி.யில் ஏறியிருக்கும். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னாலிருந்து வெட்டியெறிந்த வாலை இங்கே ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக ஒட்டவைத்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! பத்தாவது மதிப்பெண் பட்டியலில் அந்தச் சாதிப் பெயர் முன்னால், ஆதாரில் இசக்கியம்மாள் பி, பேங்க் பாஸ்புக்கில் இசக்கியம்மாள் பேச்சிமுத்து, கல்யாணமாகியிருந்தால் புருஷன் பெயரோடு இன்னொன்று. கவுன்சில் கிளார்க்குக்கு இவை நான்கு பெண்கள்.

இதைப் படிப்பு முடிந்த பிறகு சரிசெய்யப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். அஃபிடவிட் ஒரு நோட்டரியிடம் வாங்கலாம்; ஆனால் பெரிய மாற்றம் என்றால் மாநில அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வர வேண்டும். அதனால் முதலாம் ஆண்டிலேயே பத்தாவது மதிப்பெண் பட்டியலை எடுத்துவைத்து, ஆதாரையும் மற்றவற்றையும் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரை மாற்றுவது எளிது. போர்டு மதிப்பெண் பட்டியலை மாற்றுவது மலையைப் பெயர்ப்பது. என் அக்கா மகளை முதலில் அனுப்பியதே காலேஜுக்கு இல்லை, ஆதார் சென்டருக்கு.

பதிவு எண் கைக்கு வந்த பிறகும் ஒரு எல்லை உண்டு. டென்டல் மெக்கானிக் நோயாளியின் வாயைத் தொடக் கூடாது. அளவு எடுப்பது, பல் செட்டை மாட்டிப் பார்ப்பது எல்லாம் பல் மருத்துவம். சட்டத்தின் வரையறை அதில் தெளிவாக இருக்கிறது. பாதி விலைக்குப் பல் செட் என்று போர்டு வைத்து நேரடியாக ஆள் பார்க்கும் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். பதிவு எண் அவர்களைக் காப்பாற்றாது. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. சில நாடுகளில் இதற்கென்றே தனியாகப் படித்தவர்கள் நோயாளியை நேரடியாகப் பார்க்கலாம். இங்கே அப்படி ஒரு படியே இல்லை.

பிரிட்டனில் டெக்னீஷியன்களுக்கான பதிவேட்டை 2006இல் திறந்தார்கள். இரண்டு ஆண்டு அவகாசம் தந்து, 2008 ஜூலை இறுதியோடு பதிவைக் கட்டாயமாக்கினார்கள். பயிற்சியில் இருப்பவர் பதிவில்லாமல் வேலை செய்யலாம், ஆனால் பதிவுபெற்றவரின் மேற்பார்வையில். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நமக்குச் சொந்தக்காரர்கள் நிறைந்த டொரண்டோவில், ஒண்டாரியோ சட்டம் வேறு விதமாகப் போகிறது. பல் சாதனம் ஒன்றை வடிவமைக்கவோ செய்யவோ பழுதுபார்க்கவோ வேண்டுமானால், பதிவுபெற்ற டெக்னாலஜிஸ்ட் ஒருவரோ பல் மருத்துவரோ அதை மேற்பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பதிவு இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. பொறுப்பேற்க ஒருவர் இருந்தே தீர வேண்டும். நம் லேபுகளுக்கு உடனே ஒத்துவருவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஒரு பதிவு எண், அந்த எண் ஸ்லிப்பில், அவ்வளவுதான். பெரிய மேஸ்திரியின் பிழைப்பும் போகாது, நோயாளிக்கும் கேட்க ஆள் கிடைக்கும்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்ப்பு அச்சை உடைக்கும்போதும், மணல் பீய்ச்சும்போதும், போர்சலினைத் தேய்க்கும்போதும் பறப்பதில் சிலிக்கா இருக்கிறது. சில உலோகக் கலவைகளில் பெரிலியமும் உண்டு. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2004இல் ஓர் அறிக்கை வெளியிட்டது: 1994 முதல் 2000 வரை ஐந்து மாநிலங்களில் பல் லேப் தொழிலாளர்கள் ஒன்பது பேருக்கு சிலிகோசிஸ். ஒன்பது சின்ன எண்தான். ஆனால் அங்கே எண்ணியிருக்கிறார்கள். கல் குவாரித் தொழிலாளிக்கு வருகிற நுரையீரல் நோய் பல் செய்கிறவருக்கும் வரும் என்பதை அந்த எண்ணிக்கை காட்டுகிறது. இங்கே ஷட்டருக்குள் இருமுகிறவரிடம் டாக்டர் ‘என்ன வேலை’ என்று கேட்டால் ‘பல் லேப்’ என்பார். ‘ஏசி ரூம் வேலைதானே’ என்று சிரப் எழுதித் தருவார். நல்ல லேபில் ஒவ்வொரு மேசையிலும் தூசி உறிஞ்சி இருக்கும். நேர்முகத்துக்குப் போகும் புதியவர்கள் சம்பளத்தோடு அதையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு புதுச் சங்கதி. இப்போது பாதி கேஸ்கள் டப்பாவில் வருவதில்லை. டாக்டர் வாய்க்குள் ஸ்கேனரை ஓட்டி ஃபைலாக அனுப்புகிறார். எக்ஸோகேட் மென்பொருளைத் திறந்து மவுஸால் பல் வரைகிற பையன்கள் மாப்பேயில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள் போல டீ-ஷர்ட்டில் வருகிறார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் எதிர்ப் பல் எங்கே இடிக்கும் என்பதைத் திரையில் சிவப்பாகக் காட்டினால்தான் அவர்களுக்குத் தெரிகிறது. வரைந்தவர் ஓரிடம், கடைந்தவர் ஓரிடம், நிறம் ஏற்றியவர் ஓரிடம் என்றால் பல்லைச் செய்தவர் யார்? 1948இல் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய சட்டத்துக்குப் பதிலாக வருவது அது. நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியம் ஒன்றை அது ஏற்படுத்துகிறது. மாநிலக் கவுன்சில்களும் தொடர்கின்றன. விதிகளை எழுதும்போதாவது மவுஸ் பிடிப்பவரையும் கணக்கில் வைத்தால் நல்லது.

அக்கா மகளுக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது. “இங்க படிச்சு இங்கயே பேர் ஏத்திட்டு, அப்புறம் திருநெல்வேலியில போய் லேப் போடலாமா சித்தி?” போடலாம். ஆனால் பதிவேடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மகாராஷ்டிரா கவுன்சிலில் ஆட்சேபம் இல்லை என்று என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்குப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் கட்டணத்தை இடையில் விட்டிருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். முதலில் அதைக் கட்டி மீட்டுவிட்டுத்தான் என்.ஓ.சி.யைப் பற்றிப் பேச முடியும். ரசீதுகளை ஒரு ஃபைலில் போட்டு வை என்றேன். ஃபைல் வாங்கிவிட்டாள். உள்ளே இப்போதைக்கு ஆதார் திருத்தத்துக்குக் கொடுத்த சீட்டு மட்டும் இருக்கிறது.